சட்டத்தின் பிடியில் புகையிலை. மாநிலங்களின் மடியில் மது

புது தில்லி:

கடந்த 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் நடைபெற்ற நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே புகையிலை மீதான கலால் வரியை உயர்த்த வழிசெய்யும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. கரோனா காலத்தில் மாநிலங்களுக்கு இழப்பீடு வழங்குவதற்காக வாங்கப்பட்ட கடன் அடைபட்டதும் புகையிலை மீதான இழப்பீட்டுக் கூடுதல் வரி முடிவுக்கு வந்துவிடும். அதனால் சிகரெட் விலை குறைந்துவிடக் கூடாது என்பதே இம்மசோதாவுக்கு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அளித்த விளக்கம். அடுத்த சில நாள்களில் பான் மசாலா உற்பத்தி மீது தனி வரி விதிக்கும் மற்றொரு மசோதாவும் நிறைவேற்றப்பட்டது.

இந்த விவாதங்களின்போது மதுவின் தீமை பற்றி உறுப்பினர்கள் எவ்வளவு பேசினாலும், அருந்தும் மதுவின் மீது ஒரு ரூபாய் கலால் வரி விதிக்கவும் அந்த அவைகளுக்கு அதிகாரம் இல்லை. நாட்டின் பொது சுகாதாரத்தைப் பெரிதும் பாதிக்கும் இரு பொருள்களில் ஒன்று நாடாளுமன்றச் சட்டத்தின் கீழும், மற்றொன்று மாநில அரசுகளின் கருவூலக் கணக்கின் கீழும் இருப்பதுதான் இதற்குக் காரணம்.

அரசமைப்புச் சட்டம் ஒழிக்கச் சொன்னது மதுவை. நாடாளுமன்றம் கட்டுப்படுத்தியிருப்பது புகையிலையை. இந்த முரண்பாடு எப்படி ஏற்பட்டது, அதன் விளைவு என்ன என்பது கட்சி வேறுபாடின்றி ஆராயப்பட வேண்டிய விஷயமாகும்.

எது கொடியது?

உயிரிழப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் விடை தெளிவானது. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழப்பதாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ளது. மதுவால் 2019-ஆம் ஆண்டில் உயிரிழந்தோர் 26 லட்சம் பேர் என்று அதே அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

இந்தியாவில் புகையிலையால் ஆண்டுக்குச் சுமார் 13.5 லட்சம் பேர் இறக்கின்றனர். மதுவைப் பொருத்தவரை கல்லீரல் சுருக்க நோய், சாலை விபத்து, புற்றுநோய் ஆகிய மூன்றின் வழியாக மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2.6 லட்சம் இந்தியர்கள் உயிரிழப்பதாக உலக சுகாதார அமைப்பின் 2018-ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து தெரிய வருகிறது. இரண்டு கணக்கீடுகளின் முறைகளும் வேறு என்றாலும், இடைவெளி ஏறத்தாழ ஐந்து மடங்கு.

பயன்படுத்துவோர் எண்ணிக்கையிலும் புகையிலையே முந்துகிறது. மத்திய அரசு நடத்திய வயது வந்தோர் புகையிலைப் பயன்பாட்டு ஆய்வின்படி 2016-17-இல் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 28.6 சதவீதத்தினர், அதாவது 26.7 கோடிப் பேர், ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். இவர்களில் புகைப்பவர்களைவிட கைனி, குட்கா, புகையிலை சேர்ந்த வெற்றிலை என வாயில் மெல்லுபவர்களே அதிகம். வாய்ப் புற்றுநோய் இந்தியாவில் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மது அருந்துவோரைப் பற்றிய விரிவான கணக்கெடுப்பை, சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியிட்டது. 10 முதல் 75 வயது வரை உள்ளோரில் 14.6 சதவீதத்தினர், சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர் என்பது அதன் முடிவு. ஆண்களில் 27.3 சதவீதமும் பெண்களில் 1.6 சதவீதமும் குடிக்கின்றனர்.

இவர்களில் 5.7 கோடிப் பேர் உடல்நலத்துக்கோ வாழ்வுக்கோ கேடு விளையும் அளவுக்குக் குடிப்பவர்கள். அதாவது குடிப்பவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் ஏதேனும் உதவியோ சிகிச்சையோ தேவைப்படும் நிலையில் உள்ளனர். சராசரி இந்தியர் அருந்தும் மதுவின் அளவும் 2005-இல் 2.4 லிட்டராக இருந்து 2016-இல் 5.7 லிட்டராக, தூய ஆல்கஹால் கணக்கில், உயர்ந்துவிட்டது என்று உலக சுகாதார அமைப்பின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது.

புகையிலைப் புகையும் மதுவும் புற்றுநோயை உண்டாக்குபவை என்பதில் ஐயமே இல்லாத முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையால் வைக்கப்பட்டுள்ளன. புகைப் பழக்கம் 1986-இலும் மது 1988-இலும் அப்பட்டியலில் இடம்பெற்றன. இரண்டு பழக்கங்களும் ஒருவரிடமே சேரும்போது வாய், தொண்டை, உணவுக் குழாய்ப் புற்றுநோய் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது.

பக்கத்தில் இருப்பவர் படும் பாடு

உயிரிழப்புக் கணக்கு சொல்லாத ஒன்று உள்ளது. புகையிலை பெரும்பாலும் அதைப் பயன்படுத்துபவரையே, பல ஆண்டுகள் கழித்துக் கொல்கிறது. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதால் உலகில் ஆண்டுக்கு 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்பது உண்மையே. ஆயினும் மதுவின் தீங்கு குடிப்பவரைத் தாண்டி, அவர் மனைவி, குழந்தைகள், சாலையில் எதிரே வருபவர் எனப் பலரை, அன்றே அப்போதே தாக்கக் கூடியது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21-இல் நடத்தப்பட்டது. அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவரைக் கொண்ட பெண்களில் பத்தில் ஏழு பேர் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு ஆளானதாக அதில் தெரிவித்தனர். குடிக்காத கணவரைக் கொண்டவர்களில் இப்படிக் கூறியவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. குடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அடிபடுபவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்ற நிலையில், மதுவைப் பொது சுகாதாரப் பிரச்னையாக மட்டும் பார்ப்பது போதாது.

சாலை விபத்துகளிலும் இதே நிலைதான். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இதில் குடிபோதையால் நேர்ந்தவை என்று அரசு அறிக்கையில் காட்டப்படும் பங்கு மிகச் சிறியது. பெரும்பாலான மரணங்கள் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்படுகின்றன. வேகமாக ஓட்டியவர் குடித்திருந்தாரா என்பதை அறிய விபத்துக்குப் பின் ரத்தப் பரிசோதனை எல்லா வழக்குகளிலும் செய்யப்படுவதில்லை. எனவே மதுவின் உண்மையான பங்கு காவல் துறைப் பதிவேட்டில் உள்ளதைவிட அதிகமாக இருக்கும் என்பதே சாலைப் பாதுகாப்பு வல்லுநர்களின் கருத்து.

பிரிட்டனில் மருத்துவ அறிஞர்கள் சிலர் 20 போதைப் பொருள்களை ஒப்பிட்டு 2010-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பயன்படுத்துபவருக்கும் பிறருக்கும் நேரும் தீங்குகளைச் சேர்த்து நூற்றுக்கு மதிப்பெண் இட்டபோது, மது 72 மதிப்பெண்ணுடன் ஹெராயினையும் முந்தி முதலிடம் பெற்றது. புகையிலைக்குக் கிடைத்தது 26. அது பிரிட்டன் சமூகத்துக்கான மதிப்பீடு என்பதையும், அந்த முறை குறித்துப் பின்னர் விவாதங்கள் எழுந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும், அளவுகோல் மாறினால் வரிசையும் மாறும் என்பதற்கு அது சான்று.

சுருங்கச் சொன்னால், அதிக உயிர்களைப் பறிப்பது புகையிலை; அதிகக் குடும்பங்களின் அமைதியைக் குலைப்பது மது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்த இடமில்லை.

புகையிலைக்கு வந்த சட்டம்

புகையிலைக்கு எதிரான சட்ட நடவடிக்கை, சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்ற 1975-ஆம் ஆண்டுச் சட்டத்துடன் தொடங்கியது. அந்த வாசகம் ஆங்கிலம் அறியாதவருக்குப் பயன்படவில்லை. பீடிக்கும் மெல்லும் புகையிலைக்கும் அச்சட்டம் பொருந்தவும் இல்லை. 1996-இல் தில்லி சட்டப்பேரவை, பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்து தனிச் சட்டம் இயற்றியது. 1999-இல் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது பொதுத் தொல்லையே எனத் தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்குமான ஆணையைப் பிறப்பித்தது.

இதன் பின்னரே, சுஷ்மா ஸ்வராஜ் சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தபோது, 2003-இல் சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருள்கள் சட்டம் நிறைவேறியது. விளம்பரத் தடை, 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கத் தடை, கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கத் தடை, பட எச்சரிக்கை ஆகியவை அதன் முக்கிய அம்சங்கள். 2004 பிப்ரவரியில் உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையையும் இந்தியா ஏற்றது.

சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதில் அன்புமணி ராமதாஸ் சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த 2004-09 காலகட்டம் முக்கியமானது. 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, பொது இடங்களில் புகைப்பதற்கான தடை புதிய விதிகளுடன் நாடெங்கும் அமலுக்கு வந்தது. 2009 மே 31 முதல் பெட்டிகளில் பட எச்சரிக்கை கட்டாயமாயிற்று. திரைப்படங்களில் புகைக்கும் காட்சிகளுக்கு அவர் கொண்டுவந்த தடையை மட்டும் தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் ரத்து செய்தது. பின்னர் அதற்குப் பதிலாகத் திரையில் எச்சரிக்கை வாசகம் காட்டும் முறை வந்தது.

எச்சரிக்கைப் படம் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் இருக்க வேண்டும் என்ற விதி 2014-இல் வெளியிடப்பட்டபோது, புகையிலைத் தொழிலின் செல்வாக்கு எவ்வளவு என்பது நாடாளுமன்ற வளாகத்திலேயே வெளிப்பட்டது. சார்புநிலைச் சட்டங்களுக்கான மக்களவைக் குழு, விதியை நிறுத்திவைக்குமாறு 2015-இல் பரிந்துரைத்தது. அக்குழுவில் பீடித் தொழிலில் ஈடுபட்டிருந்த உறுப்பினரும் இடம்பெற்றிருந்தது சர்ச்சைக்குள்ளானது. 2016 மார்ச்சில் அக்குழு, எச்சரிக்கையின் அளவை 50 சதவீதமாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஆயினும் 2016 ஏப்ரல் 1 முதல் 85 சதவீத விதி அமலாகிவிட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் அதை ரத்து செய்தபோதும், அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

இத்தனை இழுபறிகளுக்கிடையிலும் பலன் கிட்டியிருக்கிறது. 2009-10-இல் 34.6 சதவீதமாக இருந்த புகையிலைப் பயன்பாடு 2016-17-இல் 28.6 சதவீதமாகக் குறைந்தது. பயனாளர் எண்ணிக்கை 81 லட்சம் சரிந்தது. 15 முதல் 17 வயது வரையுள்ள சிறாரிடையே பயன்பாடு 9.6 சதவீதத்திலிருந்து 4.4 சதவீதமாக, பாதிக்கும் கீழே, இறங்கியது.

குறைகளும் உண்டு. பொது இடத்தில் புகைத்தால் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த உச்ச அபராதம் 200 ரூபாய். கடைகளில் ஒற்றைச் சிகரெட்டாக விற்கப்படுவதால் எச்சரிக்கைப் படம் வாங்குபவர் கண்ணில் படுவதே இல்லை. சில்லறை விற்பனையைத் தடுத்து, வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தும் திருத்த மசோதாவின் வரைவு 2021-இன் தொடக்கத்தில் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அது சட்டமாகவில்லை.

சுகாதார அமைச்சகம் ஒருபுறம் புகையிலையை எதிர்க்க, குண்டூரில் உள்ள புகையிலை வாரியத்தின் மூலம் அதன் ஏற்றுமதியை வர்த்தக அமைச்சகம் வளர்க்கிறது. பொதுத் துறை நிறுவனமான எல்.ஐ.சி., நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனத்தில் பெரும் பங்குதாரர்களுள் ஒன்று. பீடி சுற்றும் லட்சக்கணக்கான பெண்களின் வாழ்வாதாரம் என்ற வாதத்தால் பீடிக்கு எப்போதும் வரிச் சலுகை கிடைக்கிறது. 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் சிகரெட்டை 40 சதவீத வரிப் பிரிவில் சேர்க்க முடிவு செய்தபோது, பீடிக்கான வரியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவெடுத்தது. திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளின் பீடித் தொழிலாளர்களுக்கு இது ஆறுதல் என்றாலும், ஏழைகள் புகைக்கும் பொருளை மலிவாக்கும் முடிவு இது என்பதையும் மறுக்க முடியாது.

1948-இல் நடந்த விவாதம்

மதுவின் கதை வேறு. 1948 நவம்பர் 24-ஆம் தேதி அரசமைப்பு நிர்ணய சபையில் மதுவிலக்கு பற்றிய விவாதம் நடைபெற்றது. மதுவிலக்கை வழிகாட்டும் நெறிகளில் சேர்க்கும் திருத்தத்தை மகாவீர் தியாகி கொண்டுவந்தார். ஆதிவாசிகளின் பிரதிநிதியான ஜெய்பால் சிங், அரிசிக் கள் தம் மக்களின் சமயச் சடங்குகளோடும் வாழ்வோடும் இணைந்தது என்று கூறி எதிர்த்தார். இறுதியில் திருத்தம் ஏற்கப்பட்டு, இன்றைய 47-ஆவது பிரிவாயிற்று. மருத்துவத் தேவை தவிர, உடல்நலத்துக்குக் கேடான மதுவும் போதைப் பொருள்களும் அருந்தப்படுவதைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. புகையிலை என்ற சொல் அதில் இல்லை.

ஆனால் வழிகாட்டும் நெறிகளை நீதிமன்றத்தின் மூலம் செயல்படுத்த முடியாது. அதே அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மது உற்பத்தியும் விற்பனையும் மாநிலப் பட்டியலின் 8-ஆவது இனமாகவும், அருந்தும் மதுவின் மீதான கலால் வரி 51-ஆவது இனமாகவும் வைக்கப்பட்டன. ஒழிக்க வேண்டிய கடமையும், அதை விற்று வருவாய் ஈட்டும் உரிமையும் மாநிலங்களின் கையில் ஒருசேர வந்தன.

தேசிய அளவில் முயற்சிகள் நடக்காமல் இல்லை. நீதிபதி தேக் சந்த் தலைமையிலான குழு 1960-களில் மதுவிலக்கைப் பற்றி விரிவாக ஆராய்ந்தது. மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது நாடு தழுவிய மதுவிலக்குக்கு முயன்றார். அவர் ஆட்சியுடன் அம்முயற்சியும் முடிந்தது.

புகையிலைக்கு மட்டும் மத்தியச் சட்டம் எப்படிச் சாத்தியமானது? பொது நலன் கருதி ஒரு தொழிலை மத்திய அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவருவதாக நாடாளுமன்றம் அறிவிக்கலாம் என்பது மத்தியப் பட்டியலின் 52-ஆவது இனம். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் இந்த அறிவிப்பு உள்ளது.

மதுவுக்கும் இதே வழியைக் கையாளலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 அக்டோபர் 23-ஆம் தேதி விடையளித்தது. உத்தரப் பிரதேச அரசின் வழக்கில், 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில், தொழிற்சாலைகளுக்கான ஆல்கஹாலும் மாநிலப் பட்டியலில் குறிப்பிடப்படும் மதுவில் அடங்கும் என்றும், மது தொடர்பான துறை முழுவதையும் 52-ஆவது இனத்தின் மூலம் நாடாளுமன்றம் கைப்பற்ற இயலாது என்றும் தீர்ப்பளிக்கப்பட்டது. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். மாநில உரிமைக்குக் கிடைத்த வெற்றி எனக் கொண்டாடப்பட்ட இத்தீர்ப்பு, மதுக் கட்டுப்பாட்டுக்கான தேசியச் சட்டம் என்ற வாசலை ஏறத்தாழ அடைத்துவிட்டது.

கருவூலத்தின் தாகம்

மாநிலங்கள் இந்த உரிமையை விட்டுத்தராததற்கு வருவாயே காரணம். பெரும்பாலான மாநிலங்களின் சொந்த வரி வருவாயில் 10 முதல் 15 சதவீதம் மதுக் கலால் வரியிலிருந்து வருகிறது. உத்தரப் பிரதேசத்துக்கு 2022-23-இல் இவ்வகையில் 41 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கிடைத்தது. தமிழகத்தில் டாஸ்மாக் மூலம் கலால் வரியும் விற்பனை வரியும் சேர்ந்து 2024-25-இல் 48 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது.

ஜி.எஸ்.டி.க்கான 2016-ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தின்போது, பெட்ரோலியப் பொருள்களை ஜி.எஸ்.டி. மன்றம் விரும்பும்போது உள்ளே கொண்டுவரலாம் என்று விடப்பட்டது. அருந்தும் மதுவோ அரசமைப்புச் சட்டத்தின் விளக்கத்திலேயே விலக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. வந்த பின் மாநிலங்கள் தாமாகவே வரி விகிதத்தை நிர்ணயிக்கக் கூடிய பொருள்கள் குறைந்துபோயின. அதனால் மதுவின் மீதான சார்பு கூடியது.

2020 மே 4-ஆம் தேதி, பொது முடக்கம் முழுமையாக நீங்கும் முன்பே, பல மாநிலங்களில் மதுக்கடைகள் திறக்கப்பட்டது இதன் வெளிப்பாடே. தில்லி அரசு அப்போது 70 சதவீத சிறப்பு கரோனா கட்டணம் விதித்தும் கூட்டம் குறையவில்லை.

வருவாய்க்கு மாற்று தேடுவது முடியாத காரியம் அல்ல. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி, இழந்த கலால் வருவாயை ஈடுசெய்யவே 1939-இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரியை அறிமுகம் செய்தார். பின்னாளில் விற்பனை வரியும் நிலைத்தது, மதுவும் திரும்பி வந்தது.

புகையிலை வருவாயால் மத்திய அரசு கண்மூடி இருக்கவில்லையா என்ற எதிர்க்கேள்வி நியாயமானதே. ஆனால் புகையிலையால் ஏற்படும் நோய்க்கும் இறப்புக்குமான பொருளாதார இழப்பு 2017-18-இல் 1,77,341 கோடி ரூபாய், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் மேல் என்ற கணக்கு அரசின் கையில் உள்ளது. கிடைக்கும் வரியைவிட இழப்பே பல மடங்கு என்று சுகாதார அமைச்சகம் நிதி அமைச்சகத்திடம் வாதிட முடிகிறது. மதுவில் வரி மாநிலத்தின் ஒரு கணக்கிலும், மருத்துவமனைச் செலவு வேறு கணக்கிலும், குடும்பத்தின் இழப்பு எந்தக் கணக்கிலும் இல்லாமலும் போகின்றன.

நெடுஞ்சாலை முதல் பிகார் வரை

நாடாளுமன்றம் செய்ய முடியாததை உச்ச நீதிமன்றம் ஒருமுறை செய்ய முயன்றது. தமிழகத்தைச் சேர்ந்த வழக்குரைஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என 2016 டிசம்பர் 15-இல் தலைமை நீதிபதி டி.எஸ். தாக்குர் அமர்வு தீர்ப்பளித்தது. சிறிய ஊர்களுக்கு இத்தூரம் பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. தீர்ப்பு அமலான 2017 ஏப்ரலைத் தொடர்ந்து, கடைகளை இடம் மாற்றுவதற்குப் பதிலாக, சாலைகளையே நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கி நகரச் சாலைகளாக அறிவிக்கும் உத்தியைச் சில அரசுகள் கையாண்டன.

முழு மதுவிலக்கின் அனுபவமும் கலப்பானதாகவே உள்ளது. 2016 ஏப்ரலில் பிகாரில் நிதீஷ் குமார் அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. பெண்களின் கோரிக்கையை ஏற்று, தேர்தலுக்கு முன் அளித்த வாக்குறுதி அது. அதனால் தினமும் அல்லது வாரந்தோறும் குடிப்போர் எண்ணிக்கை 24 லட்சம் குறைந்திருக்கும் என்றும், கணவரால் இழைக்கப்படும் வன்முறை நிகழ்வுகளில் 21 லட்சம் தவிர்க்கப்பட்டிருக்கும் என்றும் லான்செட் குழுமத்தின் தென்கிழக்காசிய இதழில் 2024-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

மறுபுறம், ஏழைகளே பெருமளவில் சிறை சென்றதும், நீதிமன்றங்களில் ஜாமீன் மனுக்கள் குவிந்ததும், சாரண் மாவட்டத்தில் 2022 டிசம்பரில் கள்ளச்சாராயத்தால் பலர் மாண்டதும் அதே சட்டத்தின் நிழலில் நடந்தவை. முதல்முறை குடித்துப் பிடிபட்டவரை அபராதத்துடன் விடும் வகையில் 2022-இல் சட்டம் தளர்த்தப்பட்டது.

கள்ளச்சாராயச் சாவுகளுக்கு மதுவிலக்கே காரணம் என்ற வாதமும் முழு உண்மை அல்ல. மதுக்கடைகள் தாராளமாக இயங்கும் அசாமில் 2019-இல் 150-க்கும் மேற்பட்டோரும், பஞ்சாபில் 2020-இல் நூற்றுக்கும் மேற்பட்டோரும், தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். மதுவிலக்குள்ள குஜராத்தின் போடாத் பகுதியில் 2022-இல் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எல்லா இடங்களிலும் பலியானவர்கள், கடைச் சரக்கின் விலை கட்டுப்படியாகாத கூலித் தொழிலாளர்கள். எல்லா இடங்களிலும் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளுக்கான அந்த நஞ்சு ஊருக்குள் வரும் வழியை அடைப்பது மதுவிலக்கு உள்ள அரசுக்கும் இல்லாத அரசுக்கும் பொதுவான கடமை.

பெட்டிக்கு 85 சதவீதம், பாட்டிலுக்கு இரு வரிகள்

சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படம் முகத்தில் அறைகிறது. மது பாட்டிலில், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 2019 ஏப்ரல் முதல், மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர் என்ற பொருளில் இரு வரிகள் உள்ளன. படம் இல்லை. புற்றுநோய் என்ற சொல்லும் இல்லை.

வயது வரம்பிலும் ஒழுங்கில்லை. மது வாங்க தில்லியில் 25 வயதும், கேரளத்தில் 23 வயதும், உத்தரப் பிரதேசத்தில் 21 வயதும் ஆக வேண்டும். தில்லியில் மறுக்கப்படும் 22 வயது இளைஞர் மெட்ரோ ரயிலில் நொய்டா சென்று இறங்கினால் போதும்.

விளம்பரத்தில் இரு தொழில்களும் ஒரே தந்திரத்தைக் கையாள்கின்றன. தொலைக்காட்சியில் மது, புகையிலை விளம்பரங்களுக்குத் தடை உள்ளதால் சோடா, குடிநீர், இசைத் தட்டு, ஏலக்காய் என்ற பெயர்களில் அதே முத்திரைகள் வலம் வருகின்றன. இத்தகைய மறைமுக விளம்பரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகள் தடை செய்தன. 2025 மார்ச்சில் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம், ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிகளில் இவற்றுக்கு இடமளிக்க வேண்டாம் எனக் கடிதம் எழுத வேண்டியிருந்ததே, தடை எவ்வளவு தூரம் பலித்தது என்பதைக் காட்டும்.

சிகிச்சையும் இரண்டாகப் பிரிந்துள்ளது. புகையிலையை விட விரும்புவோருக்கு சுகாதார அமைச்சகத்தின் உதவி எண் 1800-11-2356. மதுவையும் பிற போதைப் பொருள்களையும் விட விரும்புவோருக்கு சமூக நீதி அமைச்சகத்தின் உதவி எண் 14446. இரண்டு பழக்கங்களும் உள்ள ஒருவர் இரண்டு அமைச்சகங்களின் கதவைத் தட்ட வேண்டும்.

நாடாளுமன்றம் என்ன செய்யலாம்?

மதுவுக்கு மத்தியச் சட்டம் இல்லை என்பதால் மத்திய அரசு கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உணவுக் கலப்படம், மோட்டார் வாகனங்கள் ஆகியவை பொதுப் பட்டியலில் உள்ளவை. பாட்டிலில் பட எச்சரிக்கையைக் கட்டாயமாக்க உணவுப் பாதுகாப்பு விதிகளைத் திருத்தினால் போதும். விபத்தில் சிக்கும் ஓட்டுநர்கள் அனைவருக்கும் ரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்க மோட்டார் வாகனச் சட்டம் இடமளிக்கும். குடித்து ஓட்டுவோருக்கான அபராதத்தை 10 ஆயிரம் ரூபாயாக 2019-இல் உயர்த்தியதும் நாடாளுமன்றமே.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் கேட்டுக்கொண்டால் அவற்றுக்காக நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 252-ஆவது பிரிவு வழிசெய்கிறது. வயது வரம்பு, கடை நேரம், மெத்தனால் கட்டுப்பாடு ஆகியவற்றில் பொது ஒழுங்கை விரும்பும் மாநிலங்கள் இவ்வழியைப் பயன்படுத்தலாம். மது வருவாயைப் படிப்படியாகக் குறைக்கும் மாநிலத்துக்கு ஊக்கத் தொகை தருவது பற்றி நிதிக் குழுவும் ஆராயலாம்.

புகையிலைச் சட்டம் ஒரே நாளில் வந்ததல்ல. 1975-ஆம் ஆண்டின் ஒற்றை வரி எச்சரிக்கையிலிருந்து 2016-ஆம் ஆண்டின் 85 சதவீதப் படத்தை எட்ட 41 ஆண்டுகள் ஆயின. அதற்கிடையில் ஏழு ஆண்டுகளில் 81 லட்சம் பேர் குறைந்தனர் என்ற ஒரு கணக்கே அந்த உழைப்புக்குக் கிடைத்த பலன். மதுவைப் பொருத்தவரை நாடு இன்னும் 1975-ஆம் ஆண்டின் நிலையில், இரு வரி எச்சரிக்கையுடன் நிற்கிறது. 47-ஆவது பிரிவு இட்ட கடமையை நிறைவேற்றும் முதல் அடியை எடுத்துவைக்கப்போவது மத்திய அரசா, மாநிலங்களா என்ற கேள்விக்கு, 5.7 கோடிப் பேரின் குடும்பங்கள் விடை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன.